ஆள் போதாத ஊரில் ஒரு கிளித்தட்டு இரவு

மருமகன் கைபேசியில் போட்டுக் காட்டிய காணொளியில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் இருட்டு. பிறகு மரங்களின் அடிப்பகுதி, யாரோ மூச்சு வாங்கும் சத்தம், ஆங்கிலத்தில் ஒரு கிசுகிசுப்பு. திடீரென்று படபடவென்று சத்தம். முகமூடி போட்ட ஒருவன் கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி பற்றைக்குள்ளிருந்து எழுந்து வருகிறான்.

விறாந்தையில் பாய் விரித்துப் படுத்திருந்த பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"உது எங்கை பிள்ளை? வன்னியோ?"

"இல்லை அம்மம்மா, கனடா. இது கேம்."

"நிப்பாட்டு ராசா."

அவன் நிறுத்திவிட்டான். ஆனால் என்ன பிழை செய்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த 23 வயதுப் பிள்ளை. பாட்டியின் ஆண்டுத் திவசத்துக்குத் தாயோடு வந்திருந்தான். ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில் பின்னேரம் ஆறரை மணிக்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். பெரியம்மா திரும்பிப் படுத்ததும் முற்றத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி எனக்கு அந்த விளையாட்டை விளக்கத் தொடங்கினான். நானும் கேட்டேன். எனக்குத் தெரியாத விளையாட்டு என்று ஒன்று இருந்தால் விடமாட்டேன்.

அதன் பெயர் பெயின்ற்போல். ஜெலற்றின் உறைக்குள் சாயம் நிரப்பிய உருண்டை, குறுக்களவு ஏறத்தாழ 17 மில்லிமீற்றர், எடை மூன்று கிராம் அளவில். அமுக்கிய காற்றில் இயங்கும் துவக்கு அதைச் செலுத்தும். மேலே பட்டால் உடைந்து சாயம் ஒட்டும். சாயம் ஒட்டினால் நீங்கள் வெளியே. செக்கனுக்கு 300 அடிக்கு மேல் உருண்டை போகக்கூடாது என்பதற்காகக் களத்துக்குள் நுழையுமுன் ஒவ்வொரு துவக்கையும் கருவி வைத்து அளப்பார்கள். களத்துக்குள் என்ன நடந்தாலும் முகமூடியைக் கழற்றக்கூடாது. கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

துவக்கு என்று நாங்கள் சொல்வதை அவர்கள் மார்க்கர் என்கிறார்கள், குறியிடும் கருவி. அந்தப் பெயரில் நியாயம் இருக்கிறது. காட்டில் தறிக்கவேண்டிய மரங்களையும் பண்ணையில் மாடுகளையும் தூரத்தில் நின்று அடையாளமிடத்தான் அமெரிக்காவில் இந்தக் கருவி முதலில் விற்கப்பட்டது. 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்ற ஊரில் 12 பேர் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். நகரத்தில் வாழ்கிறவன் காட்டில் தப்புவானா, காடு பழகியவன்தான் தப்புவானா என்று நண்பர்களுக்குள் எழுந்த ஒரு விவாதத்தைத் தீர்ப்பதற்கு. காட்டுக்குள் அங்கங்கே கட்டிய கொடிகளை அகப்படாமல் சேர்த்துக்கொண்டு வெளியே வரவேண்டும். வென்றவர் காட்டுத் தொழில் தெரிந்த ரிச்சி வைற். அன்று முழுக்க அவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை. இந்தத் தகவலை மருமகன் சொல்லவில்லை, பிறகு நான் தேடி வாசித்தது. வாசித்தபோது, இது எங்கள் விளையாட்டல்லவா என்று தோன்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மருமகன் போனது சாதாரண ஆட்டத்துக்கல்ல. சினாரியோ ஆட்டம் என்று சொன்னான். கதை ஒன்றை முதலில் எழுதிவைத்து, அந்தக் கதைக்குள் சில நூறு பேரை இறக்கி, இந்த நாள் நண்பகலிலிருந்து அடுத்த நாள் நண்பகல் வரை நடத்துவது. இரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு தளபதி. குறிப்பிட்ட நேர இடைவெளியில் தளபதிக்கு ஒரு கட்டளைத் துண்டு வரும்: இந்தப் பாலத்தை அரை மணிநேரம் வைத்திரு, அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா. எத்தனை பேரைச் சுட்டாய் என்பதற்குப் புள்ளி கிடையாது, சொன்ன வேலையை முடித்தாயா என்பதற்குத்தான் புள்ளி. பட்டவர் தன் முகாமுக்கு நடந்து போய், குறித்த நேரம் காத்திருந்து, திரும்ப உயிரோடு வரலாம். வைத்தியர் என்று ஒரு பாத்திரம் உண்டு, அவர் வந்தால் படுத்த இடத்திலேயே உயிர் வரும். இரவில் கையில் ஒளிரும் பட்டி கட்டுவார்கள். முகமூடிக் கண்ணாடியில் மூச்சு படிந்து ஒன்றும் தெரியாது. விடியப்புறம் இரண்டு மணிக்குப் பிறகு பாதிப் பேர் வாகனத்துக்குள் நித்திரை. முழித்திருக்கிற பாதிதான் ஆட்டத்தை வெல்லும்.

"உண்மையான சண்டைகளையும் வைப்பினமாம் மாமா. ஒக்லஹோமாவிலை பெரிசா நடத்தினவை. நோர்மண்டி லாண்டிங். ஆயிரக்கணக்கிலை ஆக்கள் வந்தவை."

1944 ஜூன் 6. நோர்மண்டித் தரையிறக்கம். நான் தலையாட்டினேன். தரையிறக்கம் என்ற சொல்லுக்கு எங்கள் தீவகத்தில் 1990 ஓகஸ்ட் என்று மட்டும்தான் பொருள். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் முற்றுகைப்பட்டிருந்த படையினரை மீட்கவென்று இராணுவம் தீவுப்பக்கமாக இறங்கிய மாதம் அது. எனக்கு அப்போது 16 வயது. இதை அவனுக்குச் சொல்ல வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கேட்டான்:

"உங்களுக்கு இப்பிடி ஒண்டும் இல்லையா மாமா? இரவு முழுக்க விளையாடுறது?"

"நாளைக்கு என்ன நாள் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் 2025 பெப்ரவரி 26, மகா சிவராத்திரி.

*

யாழ்ப்பாணத்துச் சிவராத்திரிக்கு இரண்டு முகம். ஒன்று கோவிலுக்குள்: நான்கு சாமப் பூசை, உபவாசம், நள்ளிரவில் லிங்கோற்பவ காலம், நித்திரை கொள்ளாமல் தேவாரம். மற்றது கோவிலுக்கு வெளியே: நித்திரை கொள்ளாமல் இருப்பதற்காக இளந்தாரிகள் கண்டுபிடித்த எல்லாம். ஆர் வீட்டுச் செவ்விளநீரோ இறங்கும். ஆர் வீட்டுப் படலையோ கழன்று சந்தியில் நிற்கும். தெருவுக்குக் குறுக்கே வாழை நிற்கும். அந்த ஒரு இரவுக்கு இவையெல்லாம் களவில்லை என்று ஊர் ஒத்துக்கொண்டிருந்தது, விடிந்தபின் ஏச்சு விழுந்தாலும். இவற்றுக்கு நடுவில், கோவில் வீதியிலோ பக்கத்து வெளியிலோ, விடிய விடியக் கிளித்தட்டு நடக்கும்.

சில ஊர்களில் இதற்குத் தாச்சி என்றும் பெயர். மராட்டியத்தில் ஆட்யா பாட்யா, மலேசியாவில் காலா பஞ்சாங், இந்தோனேசியாவில் கோபாக் சோடோர், பிலிப்பைன்ஸில் பாட்டின்டெரோ என்று இதன் உறவுகள் கடல் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஆதாரம் ஒன்றுதான். நிலத்தில் கோடு, கோட்டில் காவல், காவலைத் தாண்டப் பார்க்கிற ஆட்கள். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம். வேண்டியது ஒரு துண்டு நிலமும் போதிய ஆட்களும்.

விளையாடியிராதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் முறை இது. நாலு ஊர் தாண்டினால் ஒரு விதி மாறும், அதற்குச் சண்டை பிடிக்க வராதீர்கள்.

நீள்சதுரமாகக் கோடு கீறி, அதை நீளவாக்கில் நடுக்கோடு ஒன்றால் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிறகு குறுக்குக் கோடுகள். மறிக்கிற அணியில் ஐந்து பேர் என்றால் நாலு குறுக்குக் கோடு, கோட்டுக்கு ஒருவர். ஐந்தாவது ஆள் கிளி. ஒன்பது பேர் என்றால் எட்டுக் கோடு. ஆள் கூடக் கூட மைதானம் நீளும். குறுக்குக் கோட்டில் நிற்பவர் தன் கோட்டை விட்டு இறங்கக்கூடாது. இடம் வலமாக ஓடலாம், கையை முன்னும் பின்னும் வீசலாம், கால் கோட்டில் இருக்கவேண்டும். கிளிக்கு மட்டும் நடுக்கோடும் இரண்டு பக்கக் கோடுகளும் சொந்தம். முன்கோட்டின் நடுவில் நின்று கிளி கையைத் தட்டும். தட்டிய பிறகுதான் மற்ற அணி உள்ளே இறங்கலாம்.

இறங்குகிறவர்கள் எல்லாக் கோடுகளையும் தாண்டி மறுகரைக்குப் போக வேண்டும். போகும்வரை அவர்கள் காய். மறுகரையைத் தொட்டுத் திரும்பும்போது பழம். பழம் ஒன்று அடி வாங்காமல் முன்கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் அந்த அணிக்கு ஓர் ஆட்டம். உள்ளே நிற்கிற ஆராவது ஒருவர் மேல் மறிப்பவர் கை பட்டாலும் முழு அணியும் வெளியே. இனி அவர்கள் மறிக்க வேண்டும். இன்னொரு சிக்கல்: காயும் பழமும் ஒரே பெட்டிக்குள் நிற்கக்கூடாது. நின்றாலும் அணி மாற வேண்டும். அதனால் திரும்பி வருகிற பழத்துக்குப் பகைவன் மறிப்பவன் மட்டுமல்ல, இன்னும் தாண்டாமல் நடுவில் முழித்துக்கொண்டு நிற்கிற தன் அணிக்காரனும்தான்.

கோட்டுக்காரன் தனியாக எவரையும் பிடிக்க முடியாது. இரண்டு பெட்டி அகலத்தையும் ஒருவனே காக்க வேண்டும், இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம் திறக்கும். கிளி நடுக்கோட்டால் வந்து ஒரு பாதியை அடைத்தால்தான் மற்றப் பாதியில் அவனுக்குப் பிடி கிடைக்கும். ஆகவே இறங்குகிற அணியின் மூளை முழுவதும் ஒரே கேள்வியில் இருக்கும்: கிளி எங்கே? கெட்டிக்காரன் ஒருவன் முதல் பெட்டிக்குள் நின்று, அடிபடுகிறமாதிரிக் கையை நீட்டி, உடம்பை நெளித்து, கிளியைத் தன்னோடு கட்டிவைப்பான். அவன் தாண்டவே மாட்டான். அந்த நேரத்துக்குள் மற்றவர்கள் கடைசிக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். என் சின்ன வயதில் ஊரில் பெயர் எடுத்தவர்கள் எல்லாம் பழமாக வந்தவர்கள் அல்ல, கிளியை இழுத்து வைத்தவர்கள்தான். ஒரு உருண்டையும் சுடாமல் வென்ற ரிச்சி வைற்றை அவர்களுக்குப் பிடித்திருக்கும்.

*

சிவராத்திரி அன்று பின்னேரம் நாலு மணிக்கே ஆள் சேர்க்கக் கிளம்பினோம். நானும் மருமகனும் ஒரு மோட்டார் சைக்கிளில். எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளில் பாதிக்குப் பூட்டு. பூட்டும் இல்லாமல் கூரையும் இல்லாமல் சுவரோடு நிற்பவை மிச்சத்தில் பாதி. மருமகன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தான். இது ஆற்றை? பரிஸ். இது? லண்டன். இது? தெரியேல்லை தம்பி, காணிப் பிரச்சினை. இது? உன்ரை அப்பாவின்ரை சித்தப்பா, ஸ்காபரோவிலை உங்கடை வீட்டிலை இருந்து பத்து நிமிசம்.

ஊர் நிறைகிற காலம் ஒன்று உண்டு. யூலை, ஓகஸ்ட். வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையோடு கோவில் கொடியேற்றமும் சேர்ந்து வரும். அப்போது தேர் இழுக்க ஆள் தட்டுப்பாடில்லை. சிவராத்திரி மாசியில் வருகிறது. கனடாவில் பனி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வெளிநாட்டு நாட்காட்டிக்கு ஒத்துவராத எங்கள் நாட்கள் எல்லாம் இப்படித்தான் ஆளில்லாமல் கிடக்கின்றன.

இரவு ஒன்பதரைக்குக் கோவில் வெளிவீதியில் கூடியபோது எண்ணிப் பார்த்தோம். முச்சக்கரவண்டி ஓடுகிறவர் ஒருவர். கடற்றொழில் செய்யும் அண்ணன் தம்பி இருவர். உயர்தரம் படிக்கிற பெடியன்கள் மூன்று பேர். யாழ்ப்பாணத்தில் வேலை செய்துகொண்டு ஊரிலேயே இருக்கிற பிள்ளை ஒருத்தி, அவளுடைய தங்கச்சி. ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து இரண்டு கத்தோலிக்கப் பெடியன்கள், சிவராத்திரிக்கு ஆண்டுதோறும் வருகிறவர்களாம். அதோடு மருமகன், நான். பன்னிரண்டு. ஹெனிக்கர் காட்டிலும் பன்னிரண்டு பேர்தானே என்று என்னைத் தேற்றிக்கொள்ள அன்று எனக்கு அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. அணிக்கு ஐந்து, மிச்சம் இரண்டு பேர் மத்தியஸ்தம், மாறி மாறி இறங்குவது என்று தீர்மானமாயிற்று. என் அப்பா காலத்தில் இதே வீதியில் அணிக்கு ஒன்பது பேர் இறங்க, அதைவிட மூன்று மடங்கு கரையில் நின்று கத்தும்.

இன்னொன்று. சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசி. விடியும்வரை நிலவு கிடையாது. மற்றபடி கிளித்தட்டு நிலவுக் கால விளையாட்டு, பறுவத்தை அண்டிய இரவுகளில் வெள்ளை மணலில் கோடு பளிச்சென்று தெரியும். சிவராத்திரிக்குத்தான் இருட்டு. முன்பு பெற்றோமக்ஸ் இருந்தது. இப்போது கோவில் முகப்பில் ஒரு எல்.ஈ.டி. விளக்கு. கோடுகளைச் சாம்பலால் போட்டோம். விளக்குப் படுகிற முன்பாதியில் கோடு தெரிந்தது, பின்பாதியில் காலால் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

முழங்கால் சரியில்லாத எனக்குக் கடைசிக் கோடு தந்தார்கள். அந்த இடம் எனக்கு ஒரு பாடம். விளக்கு என் கண்ணுக்கு நேரே. வருகிறவர்கள் விளக்கை முதுகில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். முகம் இல்லை, கறுப்பு உருவம் மட்டும். அவர்களுக்கு நான் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிறேன். அவர்கள் என்னைத் தாண்டி மறுகரைக்குப் போய்ப் பழமாகத் திரும்பும்போது எல்லாம் தலைகீழ். இப்போது விளக்கு அவர்கள் கண்ணில், நான் வெறும் கறுப்பு. போகும்போது அவர்கள் கை ஓங்கி இருக்கும், வரும்போது என் கை. மருமகன் இதை ஐந்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். பெயின்ற்போல் ஆட்டத்தில் வெளிச்சம் உள்ள பக்கம் முகம் காட்டாதே என்றுதான் முதலில் சொல்லிக்கொடுப்பார்களாம்.

மற்றதெல்லாம் அவனுக்குப் பிழைத்தது. கனடாவில் வாங்கிய வெள்ளைச் சப்பாத்தோடு இறங்கினான். மணலில் அது சருக்கென்று சத்தம் போட, கண்ணை மூடிக்கொண்டே அடித்தார் தொழிலுக்குப் போகிற அண்ணர். இரவில் கடலில் நிற்கிறவர்களின் காது வேறு. அடுத்த ஆட்டத்துக்கு வெறுங்காலோடு வந்தான். வெள்ளை மேற்சட்டையையும் கழற்றிவிட்டு வந்தான். கோவிலுக்கு வந்த வேட்டியோடு இறங்கிய உயர்தரப் பெடியன் ஒருத்தன் வேட்டி வெளிச்சத்தாலேயே இரண்டு தரம் அடி வாங்கி, ஓடிப்போய்க் கறுப்புக் காற்சட்டையில் திரும்பி வந்தான்.

பிறகு வந்தது வழக்கமான சண்டை. கிளித்தட்டின் பாதி நேரம் விளையாட்டு, பாதி நேரம் வழக்கு.

"பட்டது."

"படேல்லை. காத்துத்தான் பட்டது."

"விரல் நுனி முதுகிலை பட்டது, நான் உணர்ந்தனான்."

"கோட்டை விட்டு இறங்கித்தானே அடிச்சனீ!"

மருமகனுக்கு இது தாங்கவில்லை. அங்கே சாயம் சாட்சி சொல்லும், நடுவர் வந்து உடுப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். சாயத்தை இரகசியமாகத் துடைத்துவிட்டு விளையாடுகிற கள்ளர்களும் இருக்கிறார்களாம், ஆனால் துடைப்பதற்காவது ஒன்று இருக்கிறது. இங்கே இருட்டில் ஒருவன் முதுகில் இன்னொருவன் விரல் பட்டதற்கு என்ன சாட்சி? பட்டவன் சொன்னால்தான் உண்டு. "அப்ப பொய் சொன்னா?" என்று கேட்டான். முச்சக்கரவண்டிக்காரர் சிரித்தார். "சொல்லலாம். நாளைக்கும் இதே பன்னிரண்டு பேரோடைதானே நீ இருக்கோணும்."

*

இரண்டாம் சாமம் முடிந்து சுக்குக் கோப்பி வந்தது. வாடைக் காற்று இன்னும் முற்றாக ஓயவில்லை, வியர்வையில் குளிர்ந்தது. கோவில் மதிலோரம் இருந்தோம். அங்கேதான் மருமகன் என்னைக் கேட்டான், நீங்கள் கடைசியாக எப்போது இப்படி விளையாடினீர்கள் என்று.

எண்ணிச் சொன்னேன். 1990 மாசி.

எண்பதுகளின் நடுவிலிருந்தே இரவு சுருங்கத் தொடங்கியிருந்தது. கடல் பக்கம் படகுச் சத்தம் கேட்டால் பெற்றோமக்ஸை அணைத்துவிட்டு மணலில் படுத்திருப்போம், சத்தம் போனபிறகு ஆட்டம் தொடரும். அதையே ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்ட வயது. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியது. ஓகஸ்ட்டில் தரையிறக்கம். ஊர் ஒரேயடியாகக் கிளம்பியது. கடல்நீரேரியைக் கடந்து வலிகாமத்துக்குப் போன சனத்தில் நாங்களும். நாலு நாளில் திரும்பலாம் என்று கோழிக்குத் தீன் போட்டுவிட்டுப் போனார் பெரியம்மா. 1991 முடிவதற்குள் தீவகம் படையினரின் கட்டுப்பாட்டில், குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில். நடுவில் இருந்த நீரேரிதான் எல்லை. 1995 கடைசியில் யாழ்ப்பாண நகரம் இராணுவத்திடம் வீழும்வரை, பண்ணைக் கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற எங்கள் தீவுக்கு நாங்கள் போக முடியவில்லை.

ஊரோடு தங்கியவர்களும் சீக்கிரம் திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கோவில் இருந்தது, சிவராத்திரி இருந்தது, இரவு இல்லை. பொழுதுபட்டால் கதவு அடை. நாய் குரைத்தால் விளக்கை அணை. இருட்டில் ஓடுகிற உருவம் என்றால், ஓடுகிறவன் ஏன் ஓடுகிறான் என்று கேட்டுவிட்டு எவரும் சுடுவதில்லை. 2002 போர்நிறுத்தத்தில் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த இடைவெளியில் இரண்டு மூன்று சிவராத்திரிக்குக் கிளித்தட்டு நடந்ததாம் என்று அண்ணர் சொன்னார். 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டு ஊரடங்கு வந்தபோது அதுவும் போயிற்று. இந்தத் தீவின் அல்லைப்பிட்டியில் அந்த ஆண்டு நடந்ததை இங்கே விபரிக்கப் போவதில்லை. இரவில் வாசலுக்கு வெளியே நிற்பதைப் பற்றி ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாமல் போயிற்று என்பதோடு விடுகிறேன்.

உயர்தரம் படிக்கிற பெடியன்கள் இதையெல்லாம் கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் 2007, 2008 இல் பிறந்தவர்கள். கிளித்தட்டை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தகப்பன்மார் அல்ல. தகப்பன்மாருக்கு விளையாட்டு வயது முழுவதும் ஊரடங்கிலும் இடப்பெயர்விலும் கழிந்தது. பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியரும் ஊர்க் கழகங்கள் வைக்கிற சுற்றுப்போட்டிகளும்தான் சொல்லிக்கொடுத்தன. அதனால் அவர்களுக்குப் பகலில், சுண்ணாம்புக் கோட்டில், விசில் சத்தத்தோடு விளையாடத் தெரிந்திருந்தது. இருட்டில் விளையாடுவது எப்படி என்பதுதான் அறுந்துபோன நூல். வெளிச்சத்தை முதுகில் வை, மூச்சை அடக்கு, கிளியின் காலைக் கேள் என்பதெல்லாம் ஐம்பது தாண்டிய எங்கள் இரண்டு மூன்று பேரிடம்தான் மிச்சம் இருந்தது.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மம்மாவுக்கு அந்த வீடியோ காட்டியிருக்கக் கூடாது என்ன" என்றான்.

காட்டியதில் பிழையில்லை என்றேன். பிழையில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். துவக்கோடு விளையாடுகிறவர்கள் எல்லாரும் போரை விரும்புகிறவர்கள் என்று நான் நம்பவில்லை. ஒக்லஹோமா ஆட்டத்துக்குப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களும் போயிருப்பார்கள், அவர்களுக்கு அதில் என்ன கிடைத்ததோ. இங்கே பெயின்ற்போல் களம் ஒன்று போட்டால் நான் போவேனா என்று அவன் கேட்டான். பகலில் போய்ப் பார்க்கலாம். இரவில், இந்தப் பனங்காணிக்குள், முகமூடி போட்டுத் துவக்குத் தூக்கியவர்கள் ஓடுவதை, அது சாயம்தான் என்று தெரிந்திருந்தாலும், பெரியம்மாவின் வீட்டுக்குக் கேட்கிற தூரத்தில் நடத்த விடமாட்டேன். அவர் இருக்கும்வரைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

*

மூன்றாம் சாமத்துக்கும் நாலாம் சாமத்துக்கும் இடையில் நடந்ததுதான் நல்ல ஆட்டம். ஆட்கள் களைத்துவிட்டார்கள், வாய்ச்சண்டை நின்றுவிட்டது. முதல் பாதி இரவில் கிளி எங்கே என்று ஒருவருக்கொருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது சத்தமே போடுவதில்லை. காற்றும் பனையோலைச் சலசலப்பும் மட்டும். பெரிய பிள்ளை கிளியாக நின்றாள். அவ்வளவு இருட்டில் அவள் நடுக்கோட்டில் எங்கே நிற்கிறாள் என்று எவருக்கும் தெரியவில்லை. மூன்று தரம் தொடர்ந்து எதிரணியை வெளியேற்றினாள். தங்கச்சிக்காரி எதிரணியில் இருந்தாள், அவளுக்கும் தப்பில்லை.

அணி மாறியது. நான் மத்தியஸ்தத்துக்கு வந்தேன். மருமகன் இறங்கினான். தொழிலுக்குப் போகிற அண்ணர் முதல் பெட்டிக்குள் நின்று கிளியோடு ஆடத் தொடங்கினார், ஒரு கையை நீட்டுவதும் இழுப்பதுமாக. அந்த இடைவெளியில் மருமகன் இரண்டாம் கோடு, மூன்றாம் கோடு, கடைசிக் கோடு என்று போய்விட்டான். மறுகரையைத் தொட்டு "பழம்" என்றான், சின்னக் குரலில். திரும்பினான். கடைசிக் கோட்டையும் மூன்றாம் கோட்டையும் வெட்டி வந்தான். இரண்டாம் கோட்டில் நின்ற ஊர்காவற்றுறைப் பெடியன் ஒரு வீச்சு வீசினான், மருமகன் நெளிந்தான், தாண்டிவிட்டான். முன்கோடும் திறந்து கிடந்தது. ஒரே பாய்ச்சல். வெளியே.

எங்கள் அணி கத்தியது. வீசிய பெடியனே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான், அவனுக்கும் பட்டதாகத் தெரியவில்லை. நான் ஆட்டத்தைக் கொடுக்கக் கையைத் தூக்கினேன்.

"பட்டிட்டுது மாமா," என்றான் மருமகன். "தோளிலை. லேசா."

அண்ணருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். அரை மணிநேரம் கிளியை இழுத்து வைத்தது அவர் அல்லவா. உனக்கு ஆரடா கேட்டது என்று ஏசிக்கொண்டே போய்க் கோட்டில் நின்றார். ஆட்டம் தொடர்ந்தது. கடைசியில் ஏழுக்கு ஆறு என்று நாங்கள் தோற்றோம், அல்லது ஆறுக்கு ஆறு, ஒன்று இன்னும் வழக்கில் இருக்கிறது.

நாலாம் சாமப் பூசை மணி அடித்தபோது வெளி சாம்பல் நிறமாக மாறியிருந்தது. கோடுகள் ஒன்றும் மிச்சமில்லை, கால் தடம்தான். இளநீர் இறக்குவதென்று ஒரு யோசனை வந்தது, ஏறக்கூடிய ஆள் நித்திரையாகிப்போனதால் கைவிடப்பட்டது. பொதுக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

வீட்டுக்கு நூறு யார் தள்ளியே பெரியம்மாவின் குரல் கேட்டது. படலையைக் காணவில்லை. ஒழுங்கை வாசலில் நின்று, ஆர் எடுத்தவனோ அவன் பரம்பரைக்கே கேட்கிறமாதிரி ஏசிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் சத்தம் கூடியது.

"முப்பத்தைஞ்சு வரியமா ஒருத்தனும் தொடாத படலை! நேற்றுத்தான் பெயின்ற் அடிச்சது!"

உயர்தரப் பெடியன்கள் மூன்று பேரும் கோப்பி குடித்த நேரத்தில் கொஞ்ச நேரம் காணாமல் போனது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. படலை பள்ளிக்கூட மதிலில் சாய்த்து வைத்திருந்தது. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் மருமகனுமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். பச்சைப் பெயின்ற் இன்னும் முழுதாகக் காயவில்லை, இரண்டு பேரின் தோளிலும் ஒட்டியிருந்தது.